கரிச்சுவரும் ஒரு டேலியாவும்

ஈர விறகு புகையும் வாசத்துக்கு நடுவில் ரோஜா வாசம் வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு அடுப்படி சில மாதங்கள் அப்படித்தான் மணத்தது...

அப்போது நான் பக்கத்து டவுன் பண்டாரவளையில் ஒரு பூ நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பூ வெட்டிக் கட்ட வேண்டும், நர்சரியின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போட்டோவும் எடுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்களாம். பக்கத்தைப் பார்த்து யாராவது பூ கேட்டு ஓடர் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து அம்மா மாதிரி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான். அம்மாவின் முதுகு வலியைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதலில் எடுத்த படங்களைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வெயிலில் வைத்து எடுத்தால் சிவப்பு ரோஜா வெளிறிப்போனது. உள்ளே வைத்து ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் தடவியது போல மினுங்கியது. முதலாளி முஸ்லிம்; அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன புள்ள, பிளாஸ்டிக் பூ மாதிரி ஈக்கே?"

ஒருநாள், விற்காமல் மிஞ்சிய டேலியா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி கிளாஸில் போட்டு அடுப்படி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல பனிமூட்டம். ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் உரப்பைக்குள் வரும் பொலித்தீனை ஒட்டியிருந்தோம். அது வழியாக வந்த வெளிச்சம் பூவின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது.

ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். இதழ் இதழாகத் தெரிந்தது. பின்னால் இருந்த சுவரில் எத்தனையோ வருடப் புகை படிந்திருந்தது... படத்தில் அது வெறும் கறுப்பு. அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. பூ மட்டும்தான்.

அதே ஃபோன், அதே பூ. பிறகு எப்படி? விட மனசில்லை. கிளாஸைத் திருப்பினேன், தள்ளினேன், இழுத்தேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பூ தட்டையாகிவிட்டது. பக்கவாட்டில் இருந்தால் உயிர் வந்தது. தேத்தண்ணி ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை.

அடுத்தடுத்து மூன்று படங்கள் போட்டேன். வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் 'எல்ல' என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து கேட்டார்கள்: மற்றப் பூக்களையும் இதே மாதிரி கறுப்புப் பின்னணியில் காட்ட முடியுமா, திங்கட்கிழமைக்குள்?

சனிக்கிழமை பின்னேரம் நானா பன்னிரண்டு வகைப் பூவை வாளியில் போட்டுக் கொடுத்தார். "தங்கச்சி, யாருக்குக் கல்யாணம்?" என்று பஸ் கண்டக்டர் சிரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்படி முழுக்க வெள்ளை. நாலு சுவருக்கும் அம்மா சுண்ணாம்பு அடித்திருந்தார். கன்னத்தில் சுண்ணாம்புத் துளி, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னம்மா செஞ்சி வச்சிருக்கீங்க?"

"ஊரு ஒலகமே பாக்குற போட்டோவுல நம்ம கரிச்செவுரா தெரியணும்? பொம்பள இருக்குற வீடான்னு கேக்க மாட்டாங்களா? தீவாளிக்கி வச்சிருந்த சுண்ணாம்ப எடுத்து அடிச்சிட்டேன்."

"அந்தக் கரி இருந்தாத்தாம்மா போட்டோ! என் வேல போச்சு!"

கத்திவிட்டேன். அம்மா அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இன்று நினைத்தாலும் மனசு சுடுகிறது.

காலையில் எழுந்தால், கொழுந்து மலையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளியோடு அம்மா நிற்கிறார்.

"இதுவும் கறுப்புதான? புடிக்கட்டா?"

பூவுக்குப் பின்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். எடுத்தேன். கறுப்பு சரியாக விழுந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்திருந்தது. முன்பு பூவின் நிழல் பக்கம் இருண்டு கிடக்கும். இப்போது அந்தப் பக்கத்து இதழ்களும் மெல்லத் தெரிந்தன. ஏன் என்று புரியாமல் முழித்தேன்.

"எதுத்த செவுரு வெள்ளையா இருக்குல்ல... அதான். இன்னக்கி லைட்டு போடாமலே அரிசியில கல்லு தெரிஞ்சிச்சி," என்றார் அம்மா.

பன்னிரண்டு பூவும் முடியும்வரை கையை இறக்கவில்லை.

ஓடர் வந்தது. "இனி நீ எங்கயும் போகத் தேவல்ல புள்ள," என்றார் நானா. ஒரே ஒரு படத்தில் மட்டும் குறை கண்டுபிடித்தார். "மூலைல யாரோட கை? அத வெட்டிடு." வெட்டினேன். கொழுந்துக் கறை ஏறிய இரண்டு விரல்கள்... யோசிக்கவே இல்லை.

இப்போது பண்டாரவளையில் எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், கறுப்புத் துணி மாட்ட ஸ்டாண்ட், வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை போர்ட். யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வேலை சுகம்தான். ஆனால் அந்த வெட்டாத படம் பழைய ஃபோனோடு போய்விட்டது. இத்தனை வருடத்தில் பூவைத்தான் எடுத்திருக்கிறேன், அம்மாவை ஒருநாளும் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்ததில்லை.

போன வாரம் அம்மா வந்திருந்தபோது, ஒரு படம் எடுக்கவா என்று கேட்டேன்.

"இரு, மொகம் கழுவி பவுடர் போட்டுட்டு வாறேன்," என்று எழுந்தார்.

"வேணாம்மா... அப்புடியே இருங்க," என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.