இடம் மாறாத முந்தானை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் தம்பி சத்தியசீலன். அவனுடைய ஒரே மகள் அருள்செல்வி. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பழனாத்தாள். முன் அறையில் நான். ஐந்தாவதாக யாரும் உள்ளே வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துடியலூர். 1996 ஆகஸ்ட் 18, ஞாயிறு.

சத்தியசீலன் போட்டோகிராபர். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி ரெபேக்கா இறந்தாள். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படத்தை வெளியாள் எடுப்பது நமக்கு மரியாதையில்லை என்று நான்தான் சொன்னேன். தன்னுடைய பழைய இரட்டை லென்ஸ் கேமராவில் அவனே எடுத்தான். அன்றோடு அதைப் பூட்டி வைத்தான். பிறகு கல்யாண வீடுகளில் சின்னக் கேமராவில் கலர் ரோலாக அடித்துத் தள்ளினான். கழுவி வந்த படங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான்.

அந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டவனுக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கேமராவை வெளியே எடுத்தான். கறுப்பு வெள்ளை ரோல் போட்டான். ரோலுக்குப் பன்னிரண்டே படம், சதுரமாக. மகளைப் பின்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்தான். மணி 4.10.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. மேலே உள்ள கண்ணாடியைக் குனிந்து பார்க்கவேண்டும். அதில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். இடது தோளில் போட்ட முந்தானை வலது தோளில் கிடக்கும்.

“முப்பத்தாறு படத்த மூணு நிமிசத்துல அடிப்பீங்களே, இப்ப மட்டும் ஏனுங்கப்பா இத்தன நேரம்?”

“அது பொழப்பு கண்ணு. இது வேற. ஆடாம உக்காரு.”

கிளிக். அவன் சிரித்தான். முன் அறைவரை கேட்டது.

“ஏனுங்க, உங்க தம்பி சிரிக்கறாருங்க!” என்றாள் பழனாத்தாள் வாசலிலிருந்து. “இன்னைக்கு மழதானுங்க.”

இனி எழுதுவது, அவன் பிறகு என்னிடம் சொன்னது.

ஐந்தாவது படம். மணி 4.32. கண்ணாடியில் மகளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். நிமிர்ந்து பார்த்தான். வெறும் சுவர். குனிந்தான். நின்றாள்.

ரெபேக்கா.

அவன் பயப்படவில்லை. சந்தோஷம்தான் வந்தது என்றான்.

ஆறு... ஏழு... எட்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி முன்னே வந்தாள்.

ஒன்பதில்தான் கவனித்தான். கண்ணாடியில் அருள்செல்வியின் முந்தானை வழக்கம்போல் வலது தோளில். ரெபேக்காவின் முந்தானை இடது தோளில். மாறவில்லை. அப்படியென்றால் அவள் லென்ஸுக்கு முன்னால் நிற்கவில்லை.

கேமராவுக்குள் நின்றாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து வந்த சந்தோஷம். விரல் நிற்கவில்லை.

“அப்பா... குளுருதுங்க.”

“இன்னும் ரெண்டுதான் கண்ணு.”

கண்ணாடியில் மகள் மங்கினாள். வெளிச்சம் குறைகிறது என்று நினைத்தான். லென்ஸை இன்னும் திறந்தான்.

பதினொன்று. கிளிக். மணி 4.57.

பன்னிரண்டு. கண்ணாடியில் அருள்செல்வியின் முந்தானையும்... இடது தோளில்.

“மூச்ச அடக்கிக்க.”

ஒரு முழு விநாடி. ஸ்ஸ்ஸ்... கிளிக்.

நிமிர்ந்தான்.

நாற்காலி காலி.

பின்கட்டுச் சுவர் எட்டடி உயரம். அங்கிருந்து வெளியே போகக் கதவு கிடையாது. முன்பக்கம் நாங்கள் இருவரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்று நாள் தேடினோம். குடும்பப் பேர் கெடும் என்று போலீசுக்குப் போக நான் விடவில்லை. நான்காம் நாள் அவன் ரோலைக் கழுவினான். பதினொரு படங்களில் வெறும் நாற்காலி. பன்னிரண்டாவதில் இருவர். ரெபேக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். அருள்செல்வியின் வாய், கத்துவதுபோல் திறந்திருக்கிறது.

என் தம்பி இன்றும் அந்தக் கேமராவைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். சுவர் மட்டும்தான் தெரிகிறதாம்.

அருள்செல்வி மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள் என்று துடியலூரில் பேசிக்கொள்கிறார்கள். பொய். எங்கள் வீட்டுப் பெண் யாரோடும் ஓடவில்லை. அவளைக் கூட்டிப்போனது அவள் அம்மா.