வண்டி ஓட்டத் தெரியாதவர் வண்டியில் விழுந்த கதை

போன வருஷம் ஆடி மாதம். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து போனை எடுத்தால், என் கணவர் நம்பரிலிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது அவருடைய சூப்பர்வைசர். “ஒண்ணும் இல்லம்மா, கால்ல சின்ன அடி. தண்டலத்தாண்ட கிளினிக்குல கீறோம், வந்துடு” என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. என் கணவருக்கு வேலை சென்னை விமான நிலையத்தில், சரக்கு ஏற்றி இறக்குவது. காண்டிராக்ட் ஆள். மண்ணூரிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் நான்தான் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் கம்பெனி வேனில் ஏற்றிவிடுவேன். அன்றைக்கும் ஏற்றிவிட்டேன். அங்கே அடிபட்டவர் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் தண்டலத்துக்கு எப்படி வந்தார்?

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம் சட்டையைக் காணோம். யாருடையதோ ஒரு நீல டி-ஷர்ட் போட்டிருந்தார். வலது பாதத்தில் சுற்றிய துணி ரத்தத்தில் ஊறியிருந்தது. சரக்கு டிராலி பாதத்தில் ஏறிவிட்டதாம். வழியில் எத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள்! அத்தனையையும் தாண்டி, நசுங்கிய காலோடு வேனில் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டதாகப் பதிவாகக் கூடாதாம். லீவு நாளில், வீட்டுக்குப் பக்கத்தில், பைக்கிலிருந்து விழுந்ததாக இருக்க வேண்டுமாம். விபத்தே நடக்காத காண்டிராக்டர் என்று பெயர் வாங்கினால்தானே அடுத்த டெண்டர்! அதற்காக யூனிஃபார்மைக் கழற்றி, வேனில் தயாராக வைத்திருந்த டி-ஷர்ட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

மாதாமாதம் அவர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் அதில் வைத்தியமும் உண்டு, படுத்திருக்கும் நாட்களுக்குப் பணமும் உண்டு. லீவு நாளில் பைக்கில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டால், நாளைக்குக் கால் முடங்கிப்போனாலும் வேலையில் பட்ட அடி என்று கேட்க முடியாது.

என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பைக்குன்னே சொல்லு. இல்லாட்டி பாஸைப் புடுங்கிடுவாங்க” என்றார். அந்த பாஸ் இல்லாமல் விமான நிலையத்துக்குள் நுழைய முடியாது. வலியைவிட அந்தப் பயம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, “வூட்டாண்ட பைக் ஸ்கிட் ஆயிடுச்சு டாக்டர்” என்றார்.

“இன்னா பைக்கு? இவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது டாக்டர்! வண்டி ஓட்றது நானு. தெனமும் பின்னாடி குந்த வச்சிக்கினு போறதும் நானு. ஏர்போர்ட்டுல டிராலி ஏறிச்சு, அத்த எழுதுங்க!”

நான் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சூப்பர்வைசர் இழுத்தார். “உன் புள்ள காலு நசுங்கியிருந்தா இம்மாந்தூரம் இட்டுனு வந்திருப்பியா?” என்று கேட்டேன்.

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு என் கணவரிடமே கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, “ஏர்போர்ட்டுலதான்” என்றார். அப்படியே எழுதி, ஆம்புலன்ஸ் வரவழைத்து ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் அந்த மகராசி.

பாதம் பிழைத்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவையும் இருந்திருக்குமோ என்னவோ. வைத்தியத்துக்கும் வீட்டிலிருந்த மாதங்களுக்கும் ஈ.எஸ்.ஐ. கை கொடுத்தது. ஆனால் இவர் பயந்தபடியே பாஸ் போய்விட்டது. அந்தக் காண்டிராக்டர் மறுபடி கூப்பிடவே இல்லை. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இவர் என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பென்னலூரில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இன்றைக்கும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

அந்த நீல டி-ஷர்ட் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஸ்கூட்டர் துடைக்கலாம் என்று ஒருநாள் எடுத்து உதறினேன். தோள்பட்டையில் துவைத்தும் போகாத பழைய ரத்தக்கறை. இவருக்கு அடிபட்டது காலில். இவருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு ‘பைக்கில் விழுந்தது’ யார் என்று தெரியவில்லை. வேனில் இப்போது வேறொரு டி-ஷர்ட் மடித்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் கத்தியது போதாது என்றுதான் தோன்றுகிறது.