பிறந்த வீட்டுக் கோடி

பல்லடத்து விசைத்தறிக் குடோன்களில் நாச்சியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரே மகன் கவின் லாரி மோதிப் போனபிறகும் தறி ஓட்டினாள், நடமாடினாள். ஆனால் உள்ளே எல்லாம் நின்றுபோயிருந்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பக்கத்துத் தறியில் வேலை செய்யும் லோகப்பிரியாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபைக்குக் கூட்டிப்போனாள். உலகம் உண்டாவதற்கு முன்பே கிறிஸ்து இருந்தார், உண்டானதெல்லாம் அவரால்தான் உண்டானது என்று போதகர் பேசினார். கூட்டம் முடிந்ததும் நாச்சியம்மாள் அவரிடம் போனாள்.

"ஏனுங்கய்யா, அப்படீன்னா எங் கவினையும் அவருதான் படைச்சாருங்களா?"

"ஆமாங்கம்மா. நீங்க சொமக்கறதுக்கு முன்னாலயே அவருக்கு அவனைத் தெரியும்."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துச் சாப்பிட்டாள். செத்துக் கிடந்த எனக்கு உயிர் கொடுத்தவர் கிறிஸ்துதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

குலதெய்வக் கோயிலுக்கு அவள் வராமல் போனதும் தம்பி சென்னிமலை பேச்சை நிறுத்திவிட்டான். கவினை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் அவன். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது, அவன் வராமல் தண்ணீரில் இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. லோகப்பிரியாவைத் தூது விட்டாள். அந்த வீம்புக்காரனை நம்ப முடியுமா என்ன?

அவன் வந்தான். கையில் மஞ்சப்பை, கண்ணெல்லாம் சிவப்பு. பைக்குள் இருந்தது, செத்தவளுக்குப் பிறந்த வீடு போர்த்தும் கோடிச் சேலை. ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பழைய நாச்சியம்மா இன்னைக்குத் தண்ணிக்குள்ள செத்துருவாங்கன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க்கா. அப்பறம் நீங்க எங்கக்கா இல்லீங்களாட்ட இருக்குது. கோடி இல்லாம எப்படி அனுப்பறது?"

சாகிற பாதியை மட்டும்தான் அவன் கேட்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை, அவன்மேல் பாசம்தான் பொங்கியது.

"சரியாத்தான் கொண்டாந்திருக்கற கண்ணு. அதையப் புடிச்சுட்டு இங்கயே நில்லு. வாரேன்."

போதகர் அவளைத் தண்ணீருக்குள் சாய்த்தார். தலை முழுதும் மறைந்தபோது சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டான்.

நீர் சொட்ட எழுந்துவந்தவள் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கோடியையே உடுத்திக்கொண்டு வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"கோடி போத்துனவ நடந்து வந்து எங்கயாச்சும் பாத்திருக்கறயா, சென்னிமலை?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.