ஆறப் பொறுத்தவள்

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. பார்க்கிற வேலையோ பொறுமையைப் பிழிகிறது: மருந்து சுமக்கும் நானோ பெட்டிகளை டிஎன்ஏ இழைகளால் செய்கிறாள். எந்தக் கையாலும் அவற்றை மடிக்க முடியாது. இழைகளை ஓர் இயந்திரத்தில் வைத்துச் சூடாக்கி மெல்ல மெல்ல ஆறவிட்டால், உயிரணுவுக்குள் செய்வதுபோலவே ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் பிடிக்கும். பெட்டி தானாக மடியும். அவசரப்பட்டால் சிக்கல்தான் மிஞ்சும். அந்த இயந்திரத்தின் மூடியை அவள் ஒருநாளும் பாதியில் திறந்ததில்லை.

வீட்டில், கணவர் இறக்கிவைத்த டீயை அப்படியே வாயில் ஊற்றி, அன்றைக்கும் நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றார் அவர்.

"ஆறவிட்டா இந்த டீ என்ன, தானா டம்ளரா மடியப்போகுதா?" என்றாள், உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே.