இர்மாவின் மூக்கும் பிளாஸ்க்கும்

வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் இர்மா ஹௌதாலா. இடப்பக்கம் திரும்பி ஒரு மூச்சு, வலப்பக்கம் திரும்பி ஒரு மூச்சு. சற்று நகர்ந்து மறுபடி கண்ணை மூடுகிறார். இதற்குத்தான் எங்கள் ஊர் நகராட்சி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

கஞ்சா மருந்துக்கடைக்கு உரிமம் தந்தபோது நகராட்சி கறாராக ஒரு நிபந்தனை போட்டது. கடையின் வாடை வேலியைத் தாண்டக் கூடாது. ஒரே வருஷத்தில் மூன்று முறை தாண்டினால் கடையை மூடிவிட வேண்டும். வாடையை அளக்கும் கருவிக்குப் பணம் ஒதுக்க மனமில்லாமல் இர்மாவை நியமித்தார்கள்.

மூக்கை அவர் பேணும் விதமே தனி. வாசனை சோப்பு கிடையாது. சோதனை நாளில் வெங்காயம் தொடமாட்டார். காப்பிகூட சோதனை முடிந்த பிறகுதான். அதுவரை பிளாஸ்க் வண்டியின் முன்கண்ணாடி ஓரம் காத்திருக்கும். வாடை பிடிபட்டால் அதைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். “ஒருத்தன் பொழப்புல கை வச்சுட்டு காப்பி குடிச்சா இறங்க மாட்டேங்குது,” என்பார். அதனால் கடைக்காரர் டெனிஸ் லபோர்ட் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை, பிளாஸ்க்கைத்தான் பார்ப்பார்.

பனி கொட்டும் நாளில் டெனிஸ் ஒரு கப் வெந்நீர் நீட்டினாலும் வாங்கமாட்டார். “நீயே வச்சுக்கப்பா. உன் கடைத் தண்ணிய குடிச்சா என் மூக்கு உன் பக்கம் பேசும்.”

வாடை வேலியைத் தாண்டியதாக இந்த வருஷம் இரண்டு முறை எழுதிவிட்டார் இர்மா. இரண்டும் நியாயமே, காற்று வடிகட்டியை மாற்றாமல் டெனிஸ் இழுத்தடித்திருந்தார். போன வாரம் கடைக்குப் பக்கத்து வீட்டு ரஸ்ஸல் பெல்கோ மறுபடி புகார் கொடுத்தார், இன்னொரு முறை எழுதினால் கடை போச்சு. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் என் மனைவி பெவர்லி, இந்தக் கடை மருந்தால்தான் இரண்டு வாய் சூப் குடிக்கிறாள். அடுத்த கடைக்குப் போக ஏரியைச் சுற்றி அரை நாள் ஆகும். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கில் பெவர்லியும் இர்மாவும் பல வருஷமாக ஒரே அணி. அதற்காகவெல்லாம் இர்மாவின் பேனா தயங்காது என்பது ஊருக்கே தெரியும்.

சோதனைக்கு நானும் போய் நின்றேன்.

“மூக்கைத் துளைக்குது! உங்களுக்குத் தெரியலையா?” ரஸ்ஸல் குதித்தார்.

“தெரியுது. கொஞ்சம் சும்மா இருங்க, காத்து எங்கேருந்து வருதுனு பாக்கணும்.”

டெனிஸின் முகம் வெளுத்துவிட்டது. இர்மாவோ கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரஸ்ஸல் வீட்டு வாசல்வரை மோப்பம் பிடித்துப் போனார். மரப்படிக்குக் கீழே குனிந்தவர் அப்படியே பின்வாங்கினார்.

“ரஸ்ஸல், உங்க படிக்கு அடியில குடும்பமே குடியிருக்கு. சத்தம் போடாம இந்தப் பக்கம் வந்துடுங்க.”

தாய் ஸ்கங்க், கூடவே குட்டிகள். வாலைத் தூக்கினால் தெருவையே நாறடிக்கும் பிராணி. அந்த நாற்றத்தைக் கஞ்சா வாடை என்று எண்ணி எங்களில் ஏமாறாதவர் குறைவு.

“இதுங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாருப்பா?” என்றார் டெனிஸ். ரஸ்ஸலே சிரித்துவிட்டார்.

இர்மா சிரிக்கவில்லை. “அவர் வீட்ல ஸ்கங்க் இருந்தா உன் கடை சுத்தம்னு ஆயிடாது. காத்து திரும்பட்டும்.”

வேலியோரம் வந்து கண்ணை மூடிக்கொண்டார். ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பியது. முதலிலிருந்து மறுபடி ஒவ்வொரு இடமாக நின்று மூச்சிழுத்தார். எங்கள் மூவருக்கும் மூச்சே வரவில்லை.

பிறகு வண்டிக்குப் போய் பிளாஸ்க்கை எடுத்து வந்தார். மூடியைத் திருகினார். ஆவி பறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊற்றிய காப்பியை அவர் குடிக்கவில்லை. “உங்கிட்ட வாங்கக் கூடாதுனுதாம்ப்பா சட்டம்,” என்று சொல்லி, வேலிக்கு மேலே கையை நீட்டி, அதை டெனிஸிடம் கொடுத்தார்.