கடலைப் பார்த்த சுவர்

பிரகதீஸ்வரி டீச்சர் படம் வரைந்தால் அதில் மரம் இருக்காது, மாடு இருக்காது, மனுசனும் இருக்கமாட்டான். நிறம் இருக்கும். அதுவும் போகிறவரைப் பிடித்து நிறுத்துகிற நிறம். குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மீமிசலில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் அவரிடம் இருபது வருசமாக எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இது என்னங்க டீச்சர்?" வேறு யாராக இருந்தாலும் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்திருப்பார்கள். டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

கரையோர ஐஸ் கம்பெனியின் கிழக்குச் சுவரை அவராகவே கேட்டு வாங்கினார். சுவரில் மீனும் படகும் வரும் என்று நம்பி முதலாளி சார்லஸ் சம்மதித்தார். சாரம் கட்டி, நாற்பது நாள் வெயிலில் காய்ந்து டீச்சர் தீட்டியதோ ரத்தச் சிவப்பு, மஞ்சள், வடக்கோரம் ஊதா. அவ்வளவுதான். ஆனால் அவர் தீட்டியதிலேயே அதுதான் உசத்தி. அது அவருக்கும் தெரியும்.

மூன்று மாதம் ஊர்க் கேலியைப் பொறுத்துப் பார்த்த சார்லஸ் டீச்சரிடம் வந்தார்.

"ஓரமா ஒரு மீனாச்சும் போட்டு விடுங்க டீச்சர். இல்லாட்டி வெள்ளையடிச்சுருவேன்."

"மீனு போட்டா அது வேற படம். அடிக்கிறதுன்னா அடிச்சுக்கங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சுவர் வெள்ளையானது. டீச்சர் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை வாசலில் மீனவர் ஆத்மநாதன் நின்றார். இடுப்புவரை சேறு. பின்னால் சார்லஸ், தலையைத் தொங்கப்போட்டபடி.

அந்தக் கரையில் ஆழம் குறைவு. படகு போகிற ஆழமான தடத்தை வாய்க்கால் என்பார்கள்; அது தவறினால் படகு சேற்றில் தட்டிவிடும். மூன்று மாதமாகப் படகுகள் அந்தச் சுவரை அடையாளம் வைத்துத்தான் கரை சேர்ந்தன. இதை டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"செவப்பும் ஊதாவும் சேர்ற எடத்துக்கு நேரா வந்தா வாய்க்காலு. இன்னைக்கு அடையாளம் இல்லாம படகு அங்கிட்டுப் போயித் தட்டிருச்சு. இருந்தமாதிரியே போட்டுக் குடுங்க," என்றார் ஆத்மநாதன்.

"எனக்கே வராதுங்க. அளவெடுத்தா போட்டேன்?" என்றார் டீச்சர்.

"நான் சொல்றேன்." ஆத்மநாதன் குனிந்து, குச்சியால் மண்ணில் கோடிழுத்தார். "செவப்பு தெக்க தடிமனா வந்து நடுவுல ஒடுங்கும். மஞ்ச அதுக்குள்ள ஒரு கை அகலம் ஏறி நிக்கும். ஊதாவுக்கு அடியில மெல்லிசா ஒரு பச்ச. கிட்ட வந்தாத்தான் தெரியும். அதை விட்றாதீங்க."

அந்தப் பச்சையை, யார் கண்ணிலும் படாது என்று நினைத்துத்தான் டீச்சர் கடைசி நாளில் தீட்டியிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.