ஒரு கொத்து வெள்ளை

டை கிண்ணத்தில் பிரஷ்ஷை விடுவதற்கு முன்னால், சீப்பின் வால் நுனியால் நெற்றிக்கு மேலே முடியைப் பிளந்து வேரைப் பார்க்கிறார் டை அக்கா. வருகிற ஒவ்வொரு தலையிலும் இதே வேலைதான். "பேன் பாக்குறீங்களா?" என்று சிலர் நெளிவார்கள். "ஆமா, எனக்குச் சொந்தக்காரப் பேன் ஒண்ணு தொலைஞ்சு போச்சு" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. வேலை நேரம் முழுக்க அக்கா தலையில் துணி கட்டியிருப்பார். ஊருக்கெல்லாம் டை அடிக்கிறவரின் தலையைப் பார்த்ததே இல்லையே என்று பக்கத்துக் கடைத் தையல்காரருக்குத் தீராத மனக்குறை.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்தது. விறைப்பாக உட்கார்ந்திருப்பவர் அக்காவின் எள்ளுப்பாட்டி. இரண்டு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள். படத்தில் பூசணம் பிடித்திருக்கிறதென்று, மூன்று நெற்றிகளுக்கு மேலேயும் அக்காவின் பெரிய மாமா கறுப்பு மை தடவி வைத்திருந்தார். பூசணம் இப்படி வரிசை பார்த்துப் பிடிக்குமா என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு படம் அக்காவிடம் வந்தது. ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்தார். மை போனது, வெள்ளை போகவில்லை.

அக்கா கண்ணாடி முன்னால் போய்த் தன் முடியைப் பிளந்து பார்த்தாராம். அவருக்கும் பிறவியிலிருந்தே அதே இடத்தில் ஒரு கொத்து வெள்ளை முடி. அம்மாவுக்கும் இருந்தது. "வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை அமையாதுடி" என்று சின்ன வயதிலேயே டை அடித்துவிட்டவர் அம்மாதான். தொழிலை அக்கா கற்றதும் அப்படித்தான். படம் வந்த நாளிலிருந்து தன் தலைக்கு மட்டும் டை அடிப்பதை விட்டுவிட்டார். வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்றுதான் அந்தத் துணி.

"மறைச்சு மறைச்சே ஒருத்தரை ஒருத்தர் தொலைச்சுட்டோம்" என்கிறார். படத்திலுள்ள பெரிய மகளின் வழியில் மிஞ்சியிருப்பது அக்கா ஒருவர்தான். பிள்ளை குட்டி இல்லை. சின்ன மகள் கல்யாணமாகிக் கப்பலேறியவள், அப்புறம் ஒரு தகவலும் இல்லை. "அவ வழியில யாராவது ஒருத்தர் இருந்தாப் போதும். இல்லேன்னா படத்துல உக்காந்திருக்கிற அந்த அம்மா என்னோட முடிஞ்சிடுவாங்க."

போன வாரம் புதிதாக ஒரு டீச்சரம்மா வந்து உட்கார்ந்தார். மகனுக்கு வேலை மாற்றல், அதனால் கடல் கடந்து குடிவந்த குடும்பம். சீப்பின் நுனி வழக்கம்போல வகிடு பிளந்தது. பிளந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"அந்த இடம் மட்டும் பிறவியிலயே அப்படிங்க" என்றார் டீச்சரம்மா கூச்சத்துடன். "நல்லா அழுத்தி அடிச்சுடுங்க. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அம்மாவோட பாட்டிக்கும் இருந்துச்சாம். அவங்க கல்யாணமாகி கப்பல்ல வந்தவங்க. கரையில நின்ன அவங்க அக்காவைப் பத்தி சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்."

அக்காவின் பார்வை பக்கத்திலிருந்த படத்துக்குப் போனது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் ஒரு கடல். எத்தனை வீட்டில் எத்தனை கிண்ணம் டை! எதனாலும் அந்த ஒரு கொத்தை அழிக்க முடியவில்லையே.

"என்னங்க, டை நிக்காதா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தார். குனிந்து, டீச்சரம்மாவின் தலையோடு தன் தலையைச் சேர்த்து வைத்து, கண்ணாடியைப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்.